110-ஐக் கழற்றி 60 போட்டோம்

பனியன் கம்பெனியில் ஓடிய பவர் மெஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கி வீட்டில் போட்ட பெண்கள் என்னைப் பார்த்தால் முதலில் சொல்வது இதைத்தான்: "மிதிச்சா பிச்சுக்கிட்டுப் போகுதுங்கக்கா, புடிச்சு நிறுத்தவே முடியலைங்க." சில பேர் பயந்துபோய் அதைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, பழைய கால்மிதி மெஷினுக்கே திரும்பிவிடுகிறார்கள். கேட்டால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். குழுவில் லோன் போட்டு வாங்கிய மெஷின் அது. அதில் ஒரு கோளாறும் இருக்காது. மோட்டாரில் மாட்டியிருக்கும் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம், பனியன் தைப்பதற்கு ஏற்றது, நாம் தைப்பது வேறு. புல்லியை மாற்றினால் அதே மெஷின் நம் காலுக்கு அடங்கிவிடும். எங்கள் வீட்டு மெஷினில் அப்படித்தான் மாற்றினோம். என்ன அளவு போட்டோம், எப்படிப் போட்டோம் என்று எழுதிவைத்தால் நாலு பேருக்கு உதவும்.

நான் இருப்பது பல்லடம் பக்கம். சுற்றிலும் விசைத்தறிகள், காடா துணிக்குப் பஞ்சமே இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23-ல் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தது. அதற்கப்புறம் கல்யாண வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்று துணிப்பை கேட்டு வர ஆரம்பித்தார்கள். மஞ்சப்பைக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. கெட்டி கேன்வாஸில் மளிகைப் பை கேட்பவர்கள் வந்தபோதுதான் பவர் மெஷின் வாங்கினோம். திருப்பூரில் ஒரு யூனிட் மெஷின்களை மாற்றியபோது வெளியே வந்த ஒற்றை ஊசி மெஷின், ஜூகி, டேபிளோடும் கிளட்ச் மோட்டாரோடும். சுவிட்ச் போட்டால் கிளட்ச் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்து கிளட்ச் பிடித்தால்தான் மெஷின் ஓடும். திருப்பூரில் இதை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, 'சிங்கர்' என்றால் எந்த பிராண்டாக இருந்தாலும் ஒற்றை ஊசி மெஷின்தான்.

பையில் உடல் தைப்பது ஒரு வேலையே இல்லை. இரண்டு மடிப்பு, நேர் தையல். காது, அதாவது கைப்பிடி, வைக்கும் இடத்தில்தான் மெஷினின் பலம் தெரியும். பையின் வாய்ப்பக்கம் இரண்டு சுற்று மடித்தால் மூன்று மடிப்பு. காதுப் பட்டை நாலு மடிப்பு. ஆக ஏழு. பட்டையின் அடியை உள்ளே மடித்து வைத்தால் அந்த இடத்தில் இன்னும் நாலு கூடும். அதன்மேல் 3 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தையல் ஓட்ட வேண்டும். பையில் அஞ்சு கிலோ அரிசியைப் போட்டுத் தூக்கினால் அத்தனை பாரத்தையும் தாங்குவது அந்தக் கட்டம்தான். அது கோணலாகப் போனால் பார்க்கவும் நன்றாக இருக்காது, பாரமும் தாங்காது.

எங்கள் மெஷின் அந்தக் கட்டத்தில் என்ன செய்தது என்றால், மெதுவாக மிதித்தால் ஊசி துணியில் இறங்கி நின்றுவிடும். மோட்டார் உறுமும், ஊசி அசையாது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஒரே பாய்ச்சலில் கட்டத்தைத் தாண்டி வெளியே போய் நிற்கும். நடுவில் ஒரு வேகமே கிடையாது. என்னிடம் பழக வந்த பக்கத்து வீட்டுப் பெண் பாதம் நடுங்க நடுங்கப் பெடலை அரை மிதியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் டேபிளுக்கு அடியில் இருந்து கருகல் வாடை வரும். கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருப்பதால் வரும் வாடை அது. ஊசியும் சூடேறும். கெட்டித் துணியில் அதிவேகமாக ஏறி இறங்கும் ஊசி, பாலியெஸ்டர் நூலை உருக்கி அறுத்துவிடும் அளவுக்குச் சூடாகும். அறுந்த நுனியைத் தொட்டுப் பார்த்தால் சின்ன உருண்டையாகக் கட்டி நிற்கும். பஞ்சு நூலாக இருந்தால் இப்படி ஆகாது.

சர்வோ மோட்டார் வாங்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல யோசனைதான். சர்வோவில் வேகத்தைப் பட்டனிலேயே குறைத்து வைக்கலாம், மிதிக்கும்போது மட்டும்தான் ஓடும், கரண்டும் மிச்சம். கையில் பணம் இருப்பவர்கள் அதையே வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் நல்ல நிலையில் ஓடும் மோட்டாரைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. எங்கள் அப்பா தறிக்காரர். பாவு நூல் பலவீனமாக வந்து அறுந்துகொண்டே இருந்தால் தறியைத் திட்ட மாட்டார், மோட்டார் புல்லியைச் சின்னதாக மாற்றி ஓட்டத்தைக் குறைத்துவிடுவார். நல்ல நூல் வந்ததும் பழைய புல்லி திரும்ப ஏறும். தறியில் நடப்பது தையல் மெஷினில் மட்டும் நடக்காதா?

கணக்கு ரொம்ப எளிது. மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, மெஷினின் கைச்சக்கரத்தில் பெல்ட் ஓடும் இடத்தின் விட்டத்தால் வகுக்க வேண்டும். கைச்சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஒரு தையல். எங்கள் மோட்டார் பிளேட்டில் 2850 என்று போட்டிருந்தது. புல்லியின் முகத்திலேயே 110 என்று அச்சு இருந்தது, அதன் விட்டம் மில்லியில். கைச்சக்கரத்தை அளக்க ஸ்கேல் வைத்தால் நடுவில் போல்ட் இடிக்கும். அதனால் இஞ்ச் டேப்பை எடுத்து, பெல்ட் உட்காரும் பள்ளத்தில் பெல்ட்டின் மேல்மட்டத்துக்குச் சுற்றிப் பிடித்தேன். 22 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த 22-க்கு 7 கணக்கு இங்கே அப்படியே வந்து உட்கார்ந்தது: சுற்றளவு 22 என்றால் விட்டம் 7 சென்டிமீட்டர், அதாவது 70 மில்லி.

2850-ஐ 110-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 4478. முழு மிதியில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4500 தையல். ஒரு செகண்டுக்கு 75. தையல் நீளம் 3 மில்லி வைத்திருந்தால் ஒரு செகண்டில் 22 சென்டிமீட்டர் துணி மெஷினின் பாதத்துக்கு அடியில் ஓடிவிடும். நம் கட்டத்தின் ஒரு பக்கமே 3 சென்டிமீட்டர்தான். ஒரு செகண்டில் ஏழில் ஒரு பங்கு நேரத்தில் அது முடிந்துபோகும். யாருடைய கால் அவ்வளவு சீக்கிரம் திரும்பும்? அந்தப் பெண்ணுக்குப் பழக்கம் போதவில்லை என்று சொன்னவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டினேன். பனியன் கம்பெனியில் டெய்லர் நீளமான தையலை ஒரே மிதியில் ஓட்டுவார், அங்கே இந்த வேகம் வேண்டும். ஜூகி டிடிஎல் 8700 மாதிரி மெஷின்களை நிமிடத்துக்கு 5500 தையல் வரை ஓட்டலாம் என்று கம்பெனிக்காரர்களே போட்டிருக்கிறார்கள். மெஷின் அதற்காகப் பிறந்தது. பை தைக்க நமக்கு அதில் பாதி போதும்.

60 புல்லி போட்டால்? 2850-ஐ 60-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 2443. ஒரு செகண்டுக்கு நாற்பது தையல்தான். 50 போட்டால் 2036.

வேகம் குறைவதோடு இன்னொரு நன்மையும் சேர்ந்து வருகிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. மோட்டாரின் முறுக்கு அதேதான். புல்லி சின்னதாக ஆனால் அது கைச்சக்கரத்துக்குப் போகும்போது கூடுகிறது. 110-லிருந்து 60-க்கு வந்தால் ஊசிக்குக் கிடைக்கும் பலம் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். ஏழு மடிப்பில் இறங்கி நின்ற ஊசி, இப்போது நிற்காமல் இறங்கி ஏறும். வேகத்தைக் குறைத்தால் பலம் குறையும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிளட்சை உரசவிட்டு வேகத்தைக் குறைத்தால் நிலையாக எதுவும் கிடைக்காது, புல்லியால் குறைத்தால் பலம் கூடும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சில மோட்டார்களின் பிளேட்டில் 2850-க்குப் பதில் 1425 அல்லது 1440 என்று இருக்கும். அது ஏற்கெனவே மெதுவான மோட்டார். அதில் 110 புல்லியே 2240 தையல்தான் தரும். அங்கே போய் 60 மாட்டினால் ஆமை மாதிரி நகரும். அப்புறம், அமெரிக்காக்காரர்களின் வீடியோ பார்த்து அதே அளவை வாங்காதீர்கள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அவர்கள் மோட்டார் 3450 சுற்று. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலேயே கிழக்கே 50, மேற்கே 60 என்று இரண்டும் இருப்பதால், ஜப்பான் மெஷின் புத்தகங்களில் இரண்டுக்கும் தனித்தனியாகப் புல்லி அளவு போட்டு ஓர் அட்டவணையே இருக்கும். அதில் நாம் பார்க்க வேண்டியது 50-க்கான வரிசை.

புல்லிகள் 5 மில்லிக்கு ஓர் அளவாகக் கிடைக்கின்றன. 50 போடலாமா 60 போடலாமா என்று யோசித்தேன். புல்லி சின்னதாகச் சின்னதாக பெல்ட் பிடிக்கும் இடமும் குறையும், பெல்ட் வளையும் வளைவும் கூடும். கெட்டி இடம் வரும்போது வழுக்க ஆரம்பிக்கும். அதற்காக பெல்ட்டை இறுக்கினால் மோட்டார் பேரிங்குக்கும் மெஷின் பேரிங்குக்கும் கேடு. அதனால் 60. தோல், தார்ப்பாய் தைப்பவர்களுக்கு 45 கூடப் போதாமல் இருக்கலாம். அவர்களுக்கு நடுவில் இன்னொரு ஜோடிப் புல்லி வைத்து வேகத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. கேன்வாஸ் பைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது பழைய புல்லியைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். அளவு என்று கடைக்காரர் கேட்பது வெளி விட்டம், அது நமக்குத் தெரியும். தகராறு வருவது நடு ஓட்டையில். மோட்டார் ஷாப்ட் 14 மில்லியா, 15 மில்லியா, முக்கால் இஞ்சா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மில்லி லூஸாக இருந்தாலும் ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் புல்லி ஆட்டம் போடும். எங்களுக்கு 60-ல் 14 மில்லி ஓட்டைதான் கிடைத்தது, ஷாப்ட் 15. லேத் பட்டறையில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கி, கீ, அதாவது புல்லி ஷாப்டில் வழுக்காமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு, உட்காரும் காடியும் போட்டு வாங்கினோம். பெரிய ஓட்டையை வாங்கித் தகடு சுற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெல்ட்டும் கூடவே மாற வேண்டும். இது நிறையப் பேருக்குத் தோன்றாது. புல்லி விட்டம் 50 மில்லி குறைந்தால், பெல்ட் சுற்றி வரும் தூரம் அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 75 மில்லிக்குக் கொஞ்சம் மேல் குறைகிறது. சுமார் 3 இஞ்ச். தையல் மெஷினுக்கு எம் பெல்ட். மேலே போட்டிருக்கும் எண் நீளத்தை இஞ்சில் சொல்லும். எங்கள் மெஷினில் எம் 44 இருந்தது, எம் 41 வாங்கினோம். மோட்டாரை ஏற்றி இறக்கக் கொஞ்சம் இடம் இருப்பதால் அரை இஞ்ச் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

இனி வேலைக்கு வருவோம். இதில் மட்டும் அவசரமே கூடாது.

கிளட்ச் மோட்டாரில் சுவிட்சை ஆஃப் செய்தாலும் உள்ளே இருக்கும் கனமான சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். புல்லி மட்டும் பிரேக்கில் அசையாமல் நிற்கும். பார்ப்பதற்கு எல்லாம் நின்றுவிட்ட மாதிரித் தெரியும். அப்போது கை பெல்ட்டில் இருந்து, கால் தெரியாமல் பெடலில் பட்டால், மெஷின் ஓடும். விரல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போய்விடும். அதனால் சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கி, துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெடலை ஒரு தடவை முழுதாக மிதித்து விட வேண்டும். மிச்சம் இருக்கும் ஓட்டம் அதில் தீர்ந்துவிடும். மெஷின் தானாக நின்று, மோட்டாரின் முனகல் சத்தமும் சுத்தமாக அடங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். பழக வருகிற எல்லோருக்கும் நூல் கோர்ப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

பெல்ட்டைக் கழற்றுவது சுலபம். கைச்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பெல்ட்டை வெளிப்பக்கம் தள்ளினால் நழுவி வந்துவிடும். கழற்றியதும் பழைய புல்லியின் பள்ளத்தைப் பார்த்தோம். அடிப்பாகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, இரண்டு பக்கச் சுவரும் உள்வாங்கியிருந்தன. வி பெல்ட் புல்லியைப் பிடிப்பது பக்கச் சுவரில்தான், அடியில் படவே கூடாது. அடி பளபளக்கிறது என்றால் பெல்ட் கீழே இறங்கி வழுக்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். டேபிளுக்கு அடியில் கருப்புப் பொடி உதிர்ந்து கிடந்ததற்கும் இதுதான் காரணம். வேகத்தை மாற்ற வேண்டிய அவசியம் இல்லாதவர்கள்கூட பள்ளம் இப்படி இருந்தால் அதே அளவில் புதுப் புல்லி போட்டுவிடுங்கள். புது பெல்ட்டைப் பழைய புல்லியில் மாட்டினால் அது சீக்கிரமே தேய்ந்து போகும்.

புல்லியின் கழுத்தில் இரண்டு அலன் ஸ்க்ரூ இருந்தன. ஒன்று கீ மேல், மற்றது அதிலிருந்து கால் சுற்று தள்ளி. பஞ்சும் எண்ணெயும் அடைத்து இறுகிப் போயிருந்தது. அலன் கீ முழுதாக உள்ளே இறங்காமல் திருகினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும், அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊசியால் அழுக்கைக் கிளறி எடுத்து, மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டோம். காலையில் ஸ்க்ரூ வந்துவிட்டது, புல்லி வரவில்லை. சுத்தியலை எடுத்து வந்த என் தம்பியை நான் விடவில்லை. அந்த ஷாப்ட் கிளட்சோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும் ஷாப்ட். அதை அடித்தால் பேரிங்கும் போகும், கிளட்ச் தட்டும் போகும். தறிப் பட்டறையில் இருந்து புல்லியைப் பிடித்து இழுத்துக் கழற்றும் இரண்டு கால் புல்லர் ஒன்றை வாங்கி வந்து மாட்டி, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகினோம். 'டக்' என்று ஒரு சத்தம், புல்லி கையில் வந்துவிட்டது.

ஷாப்டில் பழைய ஸ்க்ரூ கடித்த இடத்தில் பிசிறு தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் தடவினால் தட்டுப்படும். புதுப் புல்லி அலுமினியம், அந்தப் பிசிறின் மேல் தள்ளினால் ஓட்டை கீறிப்போகும். நைஸ் அரத்தால் பிசிறை மட்டும் எடுத்து, எமரி காகிதத்தால் தேய்த்து, துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினோம். புதுப் புல்லி கையாலேயே தள்ளிப் போட்டதும் ஏறி உட்கார்ந்தது. கையால் ஏறவில்லை என்றால் எங்கோ தட்டுகிறது என்று அர்த்தம், திரும்பக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூவை இறுக்குவதற்கு முன்னால்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. மேலே கைச்சக்கரத்தின் பள்ளமும் கீழே மோட்டார் புல்லியின் பள்ளமும் ஒரே நேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் ஒரு பக்கம் உரசித் தேயும், சத்தம் போடும், சமயத்தில் கழன்றும் ஓடும். நாங்கள் பார்த்த விதம் இது: ஒரு பாபினில் நூலைக் கட்டி, கைச்சக்கரப் பள்ளத்தின் நடுவில் இருந்து டேபிள் ஓட்டை வழியாகக் கீழே தொங்கவிட்டோம். கொத்தனார் குண்டு பிடிக்கிற மாதிரி பாபின் ஆடி நின்றதும் நூல் கீழ்ப் புல்லியின் நடுப் பள்ளத்தில் விழ வேண்டும். டேபிள் மட்டமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் மெக்கானிக் அண்ணா ஒருவர் எப்போதோ சொல்லிக் கொடுத்த நுணுக்கம் ஒன்று உண்டு. பெடலை மிதிக்காமல் நேர் பார்த்தால் போதாது. மிதித்தால் கிளட்ச் பிடிப்பதற்காக ஷாப்ட் இடது பக்கம் கொஞ்சம் நகரும், புல்லியும் அதோடு நகரும். தைக்கும் நேரம் எல்லாம் புல்லி அந்த நகர்ந்த இடத்தில்தான் ஓடுகிறது. ஆகவே நேர் பார்க்க வேண்டியது பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது. அந்தப் பெண்ணை பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் கீழே உட்கார்ந்து பார்த்தேன். மிதித்தால் நூல் நடுவில் விழுந்தது, விட்டால் புல்லி வலப்பக்கம் ஒரு சிட்டிகை விலகியது. சரி. அந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி இறுக்கினோம்.

பெல்ட் மாட்டியதும் பாருங்கள், பெல்ட்டின் மேல்மட்டம் புல்லி விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். இறுக்கம், பெல்ட்டின் நடுவில் ஒரு விரலால் ஒரு கிலோ பாரம் அளவுக்கு அழுத்தினால் 15 மில்லி உள்ளே போனால் சரியாக இருக்கும். மோட்டாரைத் தாங்கும் போல்ட்டில் நட்டைத் திருகி இதை வைத்துக்கொள்ளலாம். மோட்டார் கொஞ்சம் மேலே வந்ததால் பெடலுக்குப் போகும் கம்பியின் நீளத்தையும் மாற்றினோம். வயரிங்கில் கையே வைக்காததால் சுற்றும் திசை மாறவில்லை. ஆனாலும் முதலில் ஓட்டும்போது கைச்சக்கரம் நம்மைப் பார்த்து வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெல்ட் கவர். வாங்கும்போதே எங்கள் மெஷினில் அது இல்லை. பழைய மெஷின்கள் பலவற்றில் இருப்பதில்லை. பெல்ட் மாற்றச் சிரமம் என்று யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். வீட்டில் மெஷின் போடுகிறவர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், கவர் இல்லாமல் ஓட்டாதீர்கள். துப்பட்டா, முந்தானை, பின்னல், பக்கத்தில் விளையாடும் குழந்தையின் கை, எல்லாம் அந்த பெல்ட்டுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. புல்லி வாங்கிய அதே கடையில் கவரும் வாங்கினோம். சின்னப் புல்லிக்கு மாறியதால் கீழ்ப் பக்கக் கவரில் இடைவெளி அதிகமாகிவிட்டது. ஒரு தகடு வெட்டி அதை அடைத்தோம்.

மெதுவாக ஓடும் மெஷினுக்கு எண்ணெய் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். இந்த மெஷின்களில் எண்ணெய்த் தொட்டியில் இருந்து மேலே ஏற்றுவது உள்ளே இருக்கும் பம்ப். மெஷின் ஓடும் வேகத்தில்தான் பம்பும் வேலை செய்கிறது. ரொம்ப மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் மேலே எண்ணெய் போதுமான அளவு ஏறாது. தலைமேல் சின்னக் கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கும், அதில் எண்ணெய் தெறிப்பது தெரியும். காலையில் வேலை ஆரம்பிக்கும்முன் நூலை எடுத்துவிட்டு, பாதத்தைத் தூக்கி, துணி இல்லாமல் முழு மிதியில் கொஞ்ச நேரம் ஓட்டி அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறோம். 2400 வேகத்தில் எங்கள் மெஷினில் நன்றாகவே தெறிக்கிறது. 50 போடாததற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம். தொட்டியில் எண்ணெய் கீழ்க் கோட்டுக்கு வர நான் விடுவதில்லை.

முதல் காதை அந்தப் பெண்ணையே தைக்கச் சொன்னேன். ஊசி 16-ல் இருந்து 18-க்கு மாற்றி, தையல் நீளத்தை மூன்றரைக்கு வைத்திருந்தோம். கட்டத்தின் மூலைக்கு வந்ததும் காலை எடுத்தாள், ஊசி துணிக்குள் நின்றது. பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பி, மறுபடி மிதித்தாள். நாலு மூலையிலும் தையல் தையல் மேலேயே திரும்பியது. அடியில் மடிப்பு கூடும் இடத்தில் மோட்டார் சத்தம் கொஞ்சம் கனத்தது, ஆனால் நிற்கவில்லை. "அக்கா, இப்ப எங்காலு சொல்றத கேக்குதுங்க" என்றாள். கருகல் வாடை அதற்கப்புறம் வரவே இல்லை. அரை மிதியில் தொங்கிக்கொண்டிருக்க அவசியம் இல்லாததால் கிளட்சும் தேயாது.

நீள நீளமாக ஓட்டும் வேலையில், உதாரணத்துக்குத் திரைச்சீலை ஓரம் அடிக்கும்போது, இந்த வேகம் குறைவுதான். அந்த மாதிரி ஆர்டர் எங்களுக்கு அபூர்வம். ஒருவேளை நிறைய வந்தால் 110-லேயே பள்ளம் தேயாத புதுப் புல்லி ஒன்று வாங்கி, எம் 44 பெல்ட்டோடு மாற்றிக்கொள்வோம். புல்லர் இருந்தால் அரை மணி நேர வேலை.

புது பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் நீளும், அதனால் முதல் வாரம் முடிந்ததும் இறுக்கத்தை மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். புல்லி ஸ்க்ரூ இரண்டையும் அப்போதே ஒரு தடவை அலன் கீ போட்டுப் பார்த்துவிடுங்கள். எங்கள் புல்லியில் கீ மேல் இருந்த ஸ்க்ரூ கால் சுற்று வாங்கியது, அதற்கப்புறம் அசையவில்லை.